வான் மட்டும் என்னுடையது

என் சொந்த வானை நானே நடுவழியில் நிறுத்துவது என்று தீர்மானித்தேன். தீர்மானம் எடுத்த இடம் கிணற்றடி. சாட்சிக்கு ஒரு காகம்.

பைத்தியம் என்று நினைக்காதீர்கள். முதலில் என் நிலைமையைக் கேளுங்கள். கொக்குவிலில் நான் இருக்கும் வீடு என் மனைவி ஞானாம்பிகையின் சீதனம். வளவு சீதனம். கிணறு சீதனம். கிணற்றுக்குள் கிடக்கும் ஆமைகூடச் சீதனத்தோடு வந்ததுதான். மலாயாவில் காலமெல்லாம் கிளாக்கராக இருந்து பென்சனோடு வந்த நான் என் பெயரில் வாங்கியது ஒரு பழைய மோட்டார் வான் மட்டும். மலைநாட்டுத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. ஏன் சிரித்துக்கொண்டே போனார் என்பது பிறகுதான் விளங்கியது.

எங்கள் ஒரே மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒருவர் கதைப்பார், மற்றவர் "உம்" போடுவார். கதைப்பது நான். பின்னேரங்களில் அவள் வெங்காயம் உரிக்க, நான் வானைப் பற்றி விளக்குவேன். பின்னால் இருக்கும் தாங்கியிலிருந்து பெற்றோலைப் பம்பு உறிஞ்சுகிறது. காபரேற்றர் அதைக் காற்றோடு கலக்கிறது. தாங்கி மூடியில் ஒரு ஊசித்துளை உண்டு, காற்று உள்ளே போவதற்கு. அது அடைத்தால் பம்பு உறிஞ்சி உறிஞ்சிக் களைத்து, வான் நின்றுவிடும்.

"உம்," என்பாள்.

சுவருக்குச் சொல்லியிருக்கலாம். சுவருக்கு "உம்" போடத் தெரியாது என்பதால் இவளுக்குச் சொன்னேன். வான் வந்த புதிதில், புகையிலை வெட்டிய தோட்டத்தில் இவளுக்கு ஓட்டக்கூடப் பழக்கினேன். பயமே இல்லாமல் ஓட்டினாள். எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது. ஊர் கதைக்கும் என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

இப்படி இருக்கையில் தெல்லிப்பழையில் அவளுடைய தங்கை மகாதேவிக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியது. மகாதேவி தாய் இல்லாத பிள்ளை. தமக்கைதான் போக வேண்டும். போனால் மாதக்கணக்கு.

"இஞ்சாருங்கோ, நீங்களும் வாங்கோவன். தனிய இருந்து என்ன செய்யப்போறியள்?"

"நானோ? உவன் சோமசேகரத்தின்ரை வீட்டிலையோ?"

சோமசேகரம் மகாதேவியின் புருஷன். எனக்குச் சகலன்.

"அவர் உங்களுக்கு என்ன செய்தவர்?"

"என்ன செய்தவரோ? கலியாண வீட்டிலை, சபைக்கு நடுவிலை, என்ரை வானுக்கு முன்னாலை சோடி மாடு கட்டினால் நேரத்துக்கு வந்து சேருமெண்டவனெல்லே!"

"அது பகிடிக்குச் சொன்னது."

"பகிடியோ! அவன்ரை படலைக்குள்ளை காலடி வைக்கமாட்டன். உம்மைக் கொண்டுபோய் வாசலிலை இறக்கிவிட்டுத் திரும்புவன். எனக்குத் தனிய இருக்கிறதுதான் சுகம். நீர் ஆறுதலா வாரும்."

"உம்," என்றாள்.

நான் சொன்னது பச்சைப் பொய். முன்பு அவள் ஒரு கிழமை போயிருந்தபோது நான் பட்டது எனக்குத்தான் தெரியும். விளக்கேற்றும் நேரத்தில் வீடு திடீரென்று பெரிதாகிவிடும். நான் இருமினால் அடுத்த அறையில் வேறு யாரோ இருமுவதுபோல் கேட்கும். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் பூனைக்குக் காபரேற்றரை விளக்கினேன். அது பாதியில் எழுந்து போய்விட்டது. எனக்குத் தனிமை என்றால் பயம். ஆனால் ஒரு மலாயாப் பென்சனியர் இதைப் பெண்சாதியிடம் எப்படிச் சொல்வது?

ஆகவேதான் கிணற்றடித் தீர்மானம். குளிக்கிற சவுக்காரக் கட்டியில் ஒரு மூலையை நகத்தால் கிள்ளினேன். பெற்றோலில் சவுக்காரம் கரையாது. மூடியின் துளையில் வைத்து அமத்தினேன். வான் சந்தோஷமாகப் புறப்படும். கொஞ்சத் தூரத்தில் மூச்சு முட்டி நிற்கும். மாடு பிடித்து வீட்டுக்கு இழுத்து வரலாம். நல்ல காரியத்துக்குப் போகும் வழியில் தடங்கல் வந்தால், ஞானாம்பிகை வேறு நல்ல நாள் பார்க்காமல் திரும்பவும் புறப்பட மாட்டாள். வீட்டில் பஞ்சாங்கம் பார்ப்பது யார்? நான்!

புறப்படும் நாள் காலை அவள் கிணற்றடியிலிருந்து வந்தாள்.

"சவுக்காரத்திலை ஒரு மூலையைக் காணேல்லை."

"காகம் கொத்தியிருக்கும்."

"காகமெண்டால் கட்டியோடையெல்லோ தூக்கும்? மூலையை மட்டும் கிள்ளுமோ?"

"உது சிக்கனமான காகம்."

"நீங்கள் குளிச்சனீங்களோ?"

"உம்மை விட்டிட்டு வந்து ஆறுதலாக் குளிப்பன்."

"உம்," என்றாள்.

அவளுடைய றங்குப்பெட்டியைத் தூக்கி ஏற்றினேன். முதுகு முறிந்தது.

"என்னப்பா உது, இந்தப் பாரம்?"

"பேறு பாக்கப் போறதெண்டால் சாமான் சக்கட்டு இருக்குந்தானே."

வான் உடுவில்வரை ராசா மாதிரி ஓடியது. பிறகு ஒரு விக்கல். இரண்டு இருமல். பெருமூச்சு. நின்றது. என் உள்ளம் துள்ளியது. முகத்தை மட்டும் செத்த வீட்டுக்குப் போவதுபோல் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

எஞ்சின் மூடியைத் திறந்தேன். காபரேற்றரைக் கழற்றினேன். உள்ளே வறண்டு கிடந்தது. அதன் சின்னத் துவாரத்தில் வாய் வைத்து ஊதினேன். பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தேன். அதிலும் சொட்டு இல்லை.

"கண்டீரோ? காபரேற்றரிலை பிழையில்லை. பம்புதான். உள்ளுக்கை தோல் கிழிஞ்சு போச்சு. இனி யாழ்ப்பாணத்திலையிருந்து சாமான் எடுப்பிக்கவேணும்."

"அப்பிடியே? பின்னாலை தாங்கிப் பக்கம் ஒருக்காப் பாக்கத் தேவையில்லையோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உதெல்லாம் உமக்கு விளங்காது. பேசாமல் இரும். நான் போய் மாடு கொண்டுவாறன்."

"ஓம், கெதியாப் போட்டு வாங்கோ," என்றாள், மிகவும் பணிவாக. அந்தப் பணிவில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டிவிட்டு நடந்தேன். வானை முடுக்கும் திறப்பு அதிலேயே இருந்தது. ஓடாத வானுக்குத் திறப்பு ஏன் கையில்?

வண்டிக்கார மார்க்கண்டுவைத் தேடிப் பிடித்தேன். வண்டியோடு வடமும் எடுத்துக்கொண்டு வந்தோம். வழி முழுக்க என் மனத்தில் சங்கீதம். இன்று இரவு வீட்டில் இரண்டு பேர்! நாளைக்கும் இரண்டு பேர்! வெங்காயம் உரிக்கும் சத்தத்தைக்கூட நினைத்து மகிழ்ந்தேன்.

வந்து பார்த்தால் றோட்டு வெறும் றோட்டு.

"வான் எங்கை அண்ணை?" என்றான் மார்க்கண்டு.

நான் அங்கும் இங்கும் பார்த்தேன். பக்கத்து மதகுக் கட்டில் ஒரு பூவரசம் இலை விரித்திருந்தது. அதன்மேல் ஒரு சிறு சவுக்காரத் துண்டு. கொண்டையூசி குத்திய அடையாளத்தோடு.

"என்ரை மாட்டுக்குப் பயந்து ஓடிட்டுதோ?" என்றான் மார்க்கண்டு.

சவுக்காரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மதகில் உட்கார்ந்தேன். என்னுடையது என்று உலகத்தில் இருந்த ஒரே பொருளும் போய்விட்டது. தெற்கே போனால் கொக்குவில். பூட்டிய வீடு, பழஞ்சோறு, உம் போடாத பூனை. வடக்கே போனால் தெல்லிப்பழை. படலையும் சபதமும். கண் கலங்கியது. பெற்றோல் மணம் கண்ணுக்குக் கூடாது என்று மார்க்கண்டுவிடம் சொன்னேன்.

"தெல்லிப்பழைக்கு விடு. என்ரை வானை எடுக்கவேணும்," என்றேன். வானை என்று அழுத்திச் சொன்னேன்.

படலையில் சோமசேகரம் நின்றான். மாட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"வாங்கோ அண்ணை. வானுக்கு முன்னாலைதானே மாடு கட்டச் சொன்னனான்? நீங்கள் வானையே விட்டிட்டு வந்திட்டியளே!"

முற்றத்தில் என் வான் நின்றது. அதற்குப் பின்னால் கொடியில் என் வேட்டி தொங்கியது. என் சால்வை. என் பனியன். பக்கத்தில் றங்குப்பெட்டி திறந்தபடி இருந்தது. அதற்குள் என் சவரக்கத்தி, என் மூக்குக்கண்ணாடிக் கூடு, என் பஞ்சாங்கம். இத்தனையையும் நானே முதுகு முறியத் தூக்கி ஏற்றியிருக்கிறேன்.

ஞானாம்பிகை வெளியே வந்தாள்.

"இஞ்சை வந்திறங்கினவுடனை வான் திறப்பை ஒளிச்சு, உங்களையும் நிப்பாட்டுறதெண்டுதான் இருந்தனான். நீங்கள் எனக்கு அந்த வேலையும் வைக்கேல்லை."

"நீர்... தாங்கி மூடி... எப்பிடி?"

"நாளும் பொழுதும் நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்? உம் போடுறவைக்குக் காது இல்லையோ?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தனிய இருக்க ஏலாதெண்டு வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னால் என்ன? எனக்கு மட்டும் உங்களை விட்டிட்டு இருக்க ஏலுமோ?"

எனக்குத் தொண்டை அடைத்தது. துளையில் சவுக்காரம் வைத்ததுபோலவே அடைத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் மூடிய கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள்.

"சவுக்காரமும் கையோடை கொண்டந்தனீங்கள்தானே? முதல்லை போய்க் குளிச்சிட்டு வாங்கோ."