கல்லீரலுக்காகக் கட்டிய பிராது

நான் குடிக்காதவன். கொள்கை எல்லாம் இல்லை, பயம். (கல்யாண வீட்டில் பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டாலே செருப்பைத் தேடுவேன்.) அப்படிப்பட்டவனின் வயிற்றை ஸ்கேன் எடுத்து, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"எத்தினி வருஷமா குடிக்கிறீங்க?" என்றாள் மனைவி செல்வி, விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் காதில் விழும்படி.

"சத்தியமா இல்ல செல்வி."

"அப்புறம் ஈரல் தானாவா கெட்டுது?"

டாக்டரம்மா எழுதிய ரத்தப் பரிசோதனையின் முடிவு வர மூன்று நாள். முதல் நாளே என் கருமாதிப் பந்தியை மனதுக்குள் பரிமாறி முடித்துவிட்டேன். இரண்டாம் நாள் ஞானம் வந்தது: எவனோ எனக்குத் தெரியாமல் டீயில் சாராயம் கலந்து கொடுத்திருக்கிறான். பீங்கான் கம்பெனியில் என்னோடு சூளை பார்க்கும் அத்தனை பேரும் கொலைகாரர்களாகத் தெரிந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் நியாயம் கேட்கக் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவோம். குறையை மனுவாக எழுதி அங்கே கட்டுவதுதான் பிராது. மிச்சத்தை முருகன் பார்த்துக்கொள்வார். நானும் எழுதினேன்: 'என் கல்லீரலைக் கெடுத்தவன் எவனாக இருந்தாலும் தயவு தாட்சண்யமின்றித் தண்டிக்க வேண்டும்.' நான் கட்டிய வேகத்தைப் பார்த்து செல்விக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டினார்.

"மஞ்சக்காமாலை கிருமி இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"எட்டு, பத்து. சூளைகிட்ட நிக்கிறோம்ல, தெம்புக்குக் கொஞ்சம் சக்கரை தூக்கலா."

"ராத்திரிக்கு?"

"பரோட்டாங்க."

"நடப்பீங்களா?"

"வண்டி இருக்குதுங்களே."

"குடிக்காதவங்களுக்கும் வர்ற கொழுப்புதாங்க இது. ரத்தத்துல சக்கரையும் எல்லையில நிக்குது. இப்பவே கவனிச்சா சரியாயிடும். வேற யாரும் காரணம் இல்ல, நீங்கதான்."

குடிகாரன் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செல்வி பக்கம் திரும்பினேன்.

"அப்ப பிராது யார் மேலங்க?" என்றாள்.

வியர்த்துவிட்டது. தயவு தாட்சண்யமின்றி என்று வேறு எழுதித் தொலைத்திருக்கிறேன். "இன்னிக்கே போயி வாபஸ் வாங்கிடலாம் செல்வி."

"தண்டனை முடியட்டும்."

விடிந்ததும் மணிமுத்தாற்றுப் பாலம் வரை நடை. சர்க்கரை இல்லாத டீ, அதுவும் இரண்டே. பரோட்டாக் கடையைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ போனது. அடுத்த ஸ்கேனில் கல்லீரல் பளிச். அன்றே கோயிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிக்கொண்டு, கேஸ் ஜெயித்த வக்கீல் போல நடந்து வந்தேன். தோற்றதும் நான்தான் என்பதைச் செல்வி வழியெல்லாம் நினைவூட்டினாள்.

இப்போதும் "வண்டிச் சாவிய எவன் எடுத்தான்?" என்று நான் கத்தினால், மகள் உள்ளேயிருந்து சொல்வாள்: "பிராது கட்டறதுக்கு முன்னாடி உங்க பாக்கெட்ட பாத்துடுங்கப்பா."

பார்ப்பேன். (பெரும்பாலும் இருக்கும்.)