பந்திக்குப் போன கேமரா

எனக்குத் திட்டம் போடத் தெரியும். ஒரு காரியத்தைக் கெடுக்க அது மட்டுமே போதும் என்பது அந்த விழாவில்தான் தெரிந்தது.

திருவட்டாறு பக்கம் ஒரு ரப்பர் கையுறைக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியபோது என் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். "ஆறு மாசம் தற்காலிகமா இருங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார் மேலாளர். சென்னைக்காரர். ஐந்தாவது மாதம் கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா வந்தது. வீடியோ பொறுப்பு என் தலையில். (யாரும் எடுக்காத வேலையைப் பிள்ளை பெற்று வந்தவளிடம் கொடுத்தால் நன்றியோடு செய்வாள்.)

"ஒண்ணே ஒண்ணுதாங்க முக்கியம்" என்றார். "முதலாளியும் வெளிநாட்டுக்காரரும் ஒப்பந்த ஃபைலை மாத்திக்கிற காட்சி. அது நல்லா வந்துட்டா உங்களை நிரந்தரமாக்குற உத்தரவை நானே கையெழுத்துக்குக் கொண்டு போறேன்."

அதைச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டேன். பிறகு அதைச் சுற்றி ஒன்பது பக்கம் எழுதினேன். அதில் ஒரு விதி: செல்போனை நீட்டி யாரும் கேமராவை மறைக்கக் கூடாது, எல்லோரும் பைக்குள் வைத்துவிட வேண்டும். மேலாளர் பாராட்டியது அந்த ஒன்றைத்தான்.

இரண்டு கேமரா கேட்டேன், ஒன்றுக்குத்தான் அனுமதி கிடைத்தது. புதுக்கடையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெபராஜ் அண்ணனைப் பிடித்தேன். எங்கள் கல்யாணத்தை எடுத்தவர்.

"அண்ணே, இது கம்பெனி விழா. கல்யாணம் இல்ல, கேட்டேளா?"

"நீ பதறி வெப்ராளப்படாத மக்கா. மண்டபம் உண்டா? மேடை உண்டா? பந்தி உண்டா? பின்ன என்ன!"

மூன்றும் இருந்ததால் நானும் சரி என்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் கல்யாண வீடியோவில் தாலி கட்டுவது மங்கலாக விழுந்தால்கூட மன்னிப்பார்கள். பந்தியில் இருந்தவர் முகம் விடுபட்டால் அந்தக் குடும்பம் அப்புறம் நம் வீட்டுப் படி ஏறாது.

விழாவில் வரவேற்புரைக்காரர் கம்பெனியின் வரலாற்றை முதல் ரப்பர் கன்று நட்டதிலிருந்து ஆரம்பித்தார். மணி பன்னிரண்டு ஆகியும் கன்று மரமாகவில்லை. ஒரு மணி ஷிப்டுக்குப் போக வேண்டிய பெண்களுக்காகச் சாப்பாட்டு அறையில் முதல் பந்தியைத் தொடங்கிவிட்டார்கள்.

ஜெபராஜ் அண்ணன் என் காதருகே குனிந்தார். "பிள்ளே, அங்க இலை போட்டாச்சு. இவரு இப்பம் நிறுத்த மாட்டாரு. அவிய தின்னுட்டு பஸ்ஸு ஏறியாச்சுன்னா பிறகு முகம் கிட்டாது."

போகச் சொல்வதா, வேண்டாமா? காலையில் அந்தப் பெண்களில் ஒருத்தி, "நாங்களும் வீடியோல வருவோமா மேடம்?" என்று கேட்டிருந்தாள். புதுச் சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. நானும் "பின்ன, வராமலா!" என்று சொல்லியிருந்தேன்.

"பத்தே நிமிஷம்ண்ணே" என்றேன். நான் மேடையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், ஃபைலை எடுத்ததும் ஓடிப்போய்க் கூப்பிடுவேன். இது ஒன்பது பக்கத்தில் இல்லாத ஏற்பாடு. அவர் கேமராவைக் கழற்றிக்கொண்டு போனார். ஸ்டாண்டு மட்டும் நின்றது.

என் செல்போன் அதிர்ந்தது. (பிள்ளைக்காக நான் மட்டும் விதியை மீறிக் கையிலேயே வைத்திருந்தேன்.) மாமியார். எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. எட்டு மாதக் குழந்தையை விட்டு வந்தவளின் புத்தி எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் போனது. மூன்றாவது தடவை மண்டபத்துக்கு வெளியே ஓடினேன்.

"மாமி! பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளைக்கு என்ன, சுகமாட்டு உறங்குது. மஞ்சத் துண்டை எங்க வச்ச?"

"கொடியில கிடக்கும் மாமி."

"கொடியில இல்ல."

"அப்பம் பீரோவுல."

"பீரோவுல எந்தத் தட்டுல? வீட்டு நினைப்பு இருந்தாத்தானே உனக்கு!"

உள்ளே கைதட்டல் கேட்டது.

ஓடி வந்து பார்த்தால் முதலாளியும் வெளிநாட்டுக்காரரும் ஃபைலை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி அந்த ஸ்டாண்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு கண்ணில் அடித்ததில் அதன் மேல் ஒன்றுமில்லை என்பது தெரியவில்லை. பழக்கப்பட்டவர்கள் அல்லவா, ஒரு நிமிடம் அசையாமல் நின்றார்கள். அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் வெளியே தெரிந்த ஒரே செல்போன் என் கையில் இருந்தது. அதில் மாமி பேசிக்கொண்டிருந்தார். படம் எடுக்கலாமே என்று எனக்கு உறைத்தபோது அவர்கள் கையை இறக்கிவிட்டார்கள். "இன்னொரு தடவை" என்று கேட்க வாய் வரவில்லை. முதலாளி திருவனந்தபுரம் விமானத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பந்திக்கு ஓடினேன். "அண்ணே, எல்லாம் முடிஞ்சு போச்சு!"

"இல்ல மக்கா, பாயசம் இனி வரணுமாக்கும்" என்றார் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுவாரம் மேலாளர் அறையில் வீடியோ ஓடியது. பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் சேர்த்துப் பிசையும் விரல்கள் அவ்வளவு துல்லியம். ஒரு முகம் விடவில்லை. பிச்சிப்பூக்காரி இரண்டு தடவை வந்தாள்.

"முதலாளி எங்கேங்க?"

நான் வீடியோவை நிறுத்தினேன்.

"பரவால்ல" என்றார் கனிவாக. "சின்னக் குழந்தை வேற. வீட்டைப் பாருங்க."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். ஆறு மாதம் முடிந்தது. அப்புறம் யாரும் பார்க்கவில்லை. நான் வீட்டைத்தான் பார்க்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் யார் படம் எடுக்க நின்றாலும் என் கணவர், "ஏட்டி, கேமரா உண்டா, இல்ல காலு மட்டும்தானா?" என்பார். வீடே சிரிக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு மாமிதான் முழுக் கதையையும் சொல்வார். நன்றாகவே சொல்வார். பாயசம் வரும் இடத்தில் நிறுத்தி, எல்லோரும் சிரித்து ஓயும் வரை காத்திருப்பார். நானும் சிரிப்பேன், சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும். மண்டபத்திலிருந்து நான் எதற்காக வெளியே போனேன் என்பதை மட்டும் அவர் ஒரு தடவையும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.