அழியாத கோடு

கணினித் திரையில் மறுபடியும் கோடு விழுந்திருந்தது. ஒன்றிரண்டல்ல, மருதமுனைத் தறியில் நெய்த சாறன் மாதிரி வரிசை வரிசையாகப் பச்சைக் கோடுகள். ஜுனைதா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. நாலு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளராக இருக்கும் அவள், தானே கட்டிய நுணுக்குக்காட்டியை ஒரு மீன் தோல் ஸ்லைட்டை வைத்து அவர்களுக்கு இயக்கிக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் வீட்டில் குந்தலாம்.

அதன் வித்தை இதுதான்: ஒளிரும் சாயம் ஏற்றிய பொருள்மேல் வெளிச்சத்தை முழுசாகக் கொட்டாமல் கோடு கோடாக விழுத்த வேண்டும். அந்தக் கோடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் சேர்த்தால் வெளிச்சக் கோடுகள் மறைந்துவிடும்; சாதாரண நுணுக்குக்காட்டிக்கு எட்டாத நுணுக்கமெல்லாம் தெரியும். மறைய வேண்டிய கோடுதான் மறையாமல் நின்று அவள் உயிரை வாங்கியது.

"சாதா வெளிச்சத்தில பார்த்தா கோடு இருக்கா?" என்றார் துறைத் தலைவர் ஜவுபர்.

"இல்ல சேர். வழுவழுண்டு மீன் தோல் மட்டும்தான் தெரியுது."

"அப்ப உங்கட வெளிச்சத்திலதான் பிழை. செவ்வாய்க்கு முதல் அழிச்சிருங்க. என்ட மானம் போயிரும்."

நுணுக்குக்காட்டி எப்போது அவருடைய மானமானது என்று அவள் கேட்கவில்லை.

அதிர்வாக இருக்குமோ என்று மின்விசிறியை நிறுத்தினாள். கல்முனை வெக்கையில் அபாயா முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோடுகள் முன்னைவிடத் தெளிவாக விழுந்தன.

"கரண்ட் ஏறி இறங்குது மிஸ்," என்று பாண்டிருப்பில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் சுஜிந்தன் ஒரு பற்றரிப் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினான். வெளிச்சம் ஆடாமல் நின்றது. கோடுகளும் கத்தியால் வெட்டியதுபோல நின்றன.

வெளிச்சக் கோடுகளைக் குறுக்கே திருப்பிப் பார்த்தாள். படத்துக் கோடு இருந்த இடத்தை விட்டு இம்மியும் அசையவில்லை.

"என்ன பிடிவாதம் இது? எனக்கெண்டே வந்து வாய்ச்சிருக்கு!" என்று இயந்திரத்தை ஏசினாள்.

அந்த நேரம் பார்த்து விலங்கியல் ஆய்வுகூட உதவியாளர் பக்கீர் முகைதீன் கதவடியில் வந்து நின்றார். மீன் தோல் ஸ்லைட்டை இரவல் தந்தவர் அவர்தான்; அண்ணன் முறையில் அவரை அவள் காக்கா என்பாள்.

"மிஸ், அந்த ஸ்லைட்ட எப்ப தருவீங்க?"

"செவ்வாய்க்கிழமை முடியட்டும் காக்கா."

"மெதுவாத் தாங்க. ஆரும் கேட்டா மட்டும் என்ட பேரச் சொல்லாதீங்க."

ஸ்லைட்டைப் பற்றி யோசிக்க அவளுக்கு எங்கே நேரம்? திங்கட்கிழமை, கோடுபோல எது தெரிந்தாலும் துடைத்துவிடும்படி கணினிக்குக் கட்டளை எழுதினாள். கோடு ஒழிந்தது. படமும் கஞ்சியாகிப் போனது.

"மாஷா அல்லாஹ்! இதுதான் படம்," என்றார் ஜவுபர்.

மறுநாள் குழுத் தலைவர் அவளுடைய படத்தையும் பழைய நுணுக்குக்காட்டியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்டு போலத்தானே இருக்கு. உங்கட மிசின்ல புதுசா என்ன தெரியுது?"

ஜுனைதா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானும் தொடக்கத்திலேயே சொன்னதான் சேர், பிழை இருக்கெண்டு," என்றார் ஜவுபர். பிறகு எல்லோரும் புரியாணி சாப்பிடப் போனார்கள்.

அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. நாலு வருடம் பாழாய்ப் போயிற்று. மேசையை ஒதுக்கிவிட்டு, இரவலையாவது திருப்பிக் கொடுப்போம் என்று விலங்கியல் ஆய்வுகூடத்துக்கு நடந்தாள்.

"இந்தாங்க காக்கா, உங்கட மீன் தோல். எல்லாம் முடிஞ்சி. ஒண்டும் சரிவரல்ல."

பக்கீர் முகைதீன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இனி மறைச்சி என்ன மிஸ், தோல் ஸ்லைட்ட நான் உடைச்சிப்போட்டன், ஏச்சுக்குப் பயந்து சதை ஸ்லைட்டில அந்தப் பேர ஒட்டித்தான் உங்களுக்குத் தந்த, சதைக்குள்ள கோடு கோடா இருக்கிறது, தடிப்பா வெட்டினதால, எங்கட பழைய மிசினுக்குப் பிடிபடாது, உங்கட புது மிசின் காட்டிக் குடுத்திருமோ எண்டு நான் பயந்த பயம் அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் — நல்ல காலம், அதிலயும் ஒண்டும் தெரியல்லதானே!"