அமுக்கினால் திறக்கும், மறுபடி அமுக்கினால் மூடும்

1994 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பாலக்காட்டுக் காற்றோடு நசநசவென்று தூறல். கோயமுத்தூர் கணபதியில் ஒரு கல்யாண மண்டபத்தில், இருநூறுக்குக் குறையாத பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் என் கையால் செய்த கத்தி என் அக்கா மகன் செந்திலையும், கழுத்தில் தாலி ஏறி ஏழு நிமிடமே ஆகியிருந்த அவன் மனைவி கவிதாவையும் சேர்த்துக் கவ்விக்கொண்டது.

கல்யாணத்தில் கத்திக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை கையில் எலுமிச்சம்பழம் குத்திய கத்தி ஒன்று இருக்க வேண்டும். கண்ணேறு அண்டாது என்பார்கள். அதைக் கொடுப்பது தாய்மாமன் பொறுப்பு. கடைவீதியில் ஒரு பேனாக்கத்தி வாங்கிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம். நான் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன்.

காரணம் கோட்டைமேட்டு உசேன் பாய். அவர் செய்த மடக்குக் கத்தி ஒன்றை வேறொரு கல்யாணத்தில் பார்த்தேன். எருமைக்கொம்புப் பிடி, அதன் தலையில் பித்தளைக் கிளி. கிளியை அமுக்கினால் கத்தியின் அலகு 'சடக்' என்று வெளியே வந்து நிற்கும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அப்போது ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வரைபடப் பிரிவில் இருந்தேன். டிப்ளமா படித்தவன். (அந்த டிப்ளமாவைப் பற்றி அந்த நாளில் யாரும் கேட்காமலே சொல்வேன்.) பாய் செய்ததை நான் செய்ய முடியாதா?

பாக்குவெட்டிக்குச் சாணை பிடிக்க வேண்டும் என்ற சாக்கில் அவர் கடைக்குப் போய், மேசை மேல் கிடந்த கத்தியை விரலால் அளந்துகொண்டு வந்தேன். மூன்றாம் முறை போனபோது பாய் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏன் சார், வீட்ல பாக்கு வெட்டறீங்களா, பாறை வெட்டறீங்களா? பத்து நாள்ல மூணு சாணை. கத்தி மேலதான் கண்ணுன்னா எடுத்துப் பாருங்க. நல்லாத் தொறந்தே பாருங்க. இந்தக் கோயமுத்தூர்ல இதப் பாத்துச் செஞ்சவன் எவனும் இல்ல."

கடைசி வாக்கியத்தை நான் சவாலாக எடுத்துக்கொண்டேன்.

இரும்பறுக்கும் பவர் ஹாக்சா பிளேடை அரைத்து அலகு செய்தேன். காங்கேயத்திலிருந்து கொம்பு வந்தது. கிளி மட்டும் கோழி மாதிரி அமைந்துவிட்டது. ஆனால் அப்படியே நகல் எடுத்தால் என் படிப்புக்கு என்ன மரியாதை? பாயின் கத்தி அமுக்கினால் திறக்கும், கையால்தான் மூட வேண்டும். என்னுடையது அமுக்கினால் திறக்கும், மறுபடி அமுக்கினால் தானாகவே மூடும். அதற்காக உள்ளே இரண்டாவதாக ஒரு ஸ்பிரிங், அது ஸ்கூட்டருடையது.

என் மனைவி ருக்மணி அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, "எதுக்குங்க தானா மூடோணும்? கையில மூடுனா கை தேஞ்சு போயிருமாக்கும்?" என்றாள்.

"இதெல்லாம் உனக்குப் புரியாது அம்மணி" என்றேன். (இந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் எங்கள் வீட்டில் பயன்படுத்தியதில்லை.)

முகூர்த்தம் ஒழுங்காகத்தான் நடந்தது. செந்தில் எலுமிச்சம்பழத்தை உருவிவிட்டு, கத்தியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு தாலி கட்டினான். அவன் அங்கவஸ்திரத்தையும் கவிதாவின் முந்தானையையும் முடிச்சுப் போட்டு, இருவரும் மணவறையைச் சுற்றி வந்து நின்றார்கள். போட்டோக்காரர், "மாப்பிள்ளை, கத்தியக் கையில புடிங்க" என்றார். செந்தில் எடுத்து அமுக்கினான். 'சடக்'. முன்வரிசையில் நாலைந்து பேர் "அட" என்றார்கள். அந்த "அட"வோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"மறுக்கா அமுத்துங்க மாப்ள, எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

அமுக்கினான். அலகு திரும்பி வரும் வழியில் முடிச்சு இருந்தது. பட்டு முந்தானையும் அங்கவஸ்திரமும் நான்கு மடிப்பாக உள்ளே போய்விட்டன.

"மாமா, தொறக்க மாட்டீங்குதுங்க" என்றான் செந்தில், உதடு அசையாமல்.

நான் அமுக்கினேன். சகலை அமுக்கினார். நாதஸ்வரக்காரர்கூட வந்து ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார். கோழி அசையவில்லை. யாரோ கத்தரிக்கோலை நீட்ட, பெண்ணின் அப்பா குறுக்கே கை வைத்தார். அவர் சோமனூரில் பன்னிரண்டு தறி ஓட்டுகிறவர்.

"முகூர்த்தப் பட்டுல கத்திரி வெக்கறதுங்களா? தறியில ஓடற துணிக்கே நாங்க நாள் பாத்துத்தானுங்க கத்திரி வெப்போம். முடிச்சும் அவுறக்கூடாது, துணியும் அறுபடக்கூடாது. பன்னண்டு மணிக்கு எமகண்டம். அதுக்குள்ள பொண்ணு, கத்தி தொங்காம, உங்க ஊட்டு வாசப்படி ஏறோணும். என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க." அத்துடன் அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

காங்கேயத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் பெரியப்பா ஒருவர், எண்ணெய் விட்டால் எதுவும் இளகும் என்று சமையல்கட்டிலிருந்து ஒரு செம்பு தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். முக்கால் செம்பு பட்டுப் புடவை குடித்தது. கத்திக்குள் ஒரு சொட்டும் போனதாகத் தெரியவில்லை.

அங்கே இங்கே கேட்டு, மூடியிருந்த நாலு பட்டறையைத் தாண்டி, ஐந்தாவதைத் திறக்க ஆள் கிடைத்தபோது மணி பத்தே கால். கணபதியில் தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விழுந்து பார்த்தால் தெரியும். மணமக்களை மாலையும் கழுத்துமாக, தோளோடு தோள் ஒட்டி, இரண்டு குடைகளின் கீழ் நடத்திக்கொண்டு போனோம். பின்னால் நாற்பது பேர், கேமராவோடு போட்டோக்காரரும். நாதஸ்வரக்காரர் ஒரு கடமையுணர்ச்சியில் வாசித்துக்கொண்டே வந்தார்.

பட்டறைக்காரர் மேசையில் பொருத்தியிருந்த இரும்புப் பிடியான வைஸில் கத்தியை மெதுவாகப் பிடித்தார். கிரைண்டர் வைத்தால் தீப்பொறியில் பட்டு பொசுங்கும். ஆகவே அலகையும் பிடியையும் சேர்த்திருந்த ஆணியைக் கைத்துளைப்பானால் குடைய ஆரம்பித்தார். பத்து நிமிடம் கழித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க, இதச் செஞ்ச புண்ணியவான் எந்த ஊருங்க?"

நான் கூரையைப் பார்த்தேன். அக்கா விடவில்லை. "இவன்தானுங்க. எந்தம்பி. டிப்ளமாப் படிச்சவன்."

"அதானுங்களே பாத்தேன். இரும்புப்பொட்டி பூட்டாட்டம் இருக்குது."

இத்தனைக்கும் நடுவில் வைஸின் முன் குனிந்து நின்றிருந்த கவிதாவின் தோள் குலுங்கியது. பெண் அழுகிறாள் என்று அவள் அப்பா பதறிக் கிட்டே போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, உள்ளுக்குள்ள இன்னும் ஏதாச்சும் வேலைப்பாடு வெச்சிருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. ஊட்டுக்குப் போயி வெடிச்சுதுன்னா நான் பொறுப்பில்லீங்க."

முதலில் செந்தில் சிரித்தான். அப்புறம் பட்டறையே சிரித்தது. பெண்ணின் அப்பா மட்டும் தூறலைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னாலிருந்து பார்த்தபோது அவர் தோளும் குலுங்கியது. பதினொன்றே காலுக்கு ஆணி விழுந்து கத்தி இரண்டாகப் பிளந்தது. ஸ்கூட்டர் ஸ்பிரிங் துள்ளி, கூட்டத்தில் யார் மேலும் படாமல் (அதையாவது என் கணக்கில் வரவு வைக்க வேண்டும்) எண்ணெய் டப்பாவுக்குள் விழுந்தது. முடிச்சு அவிழவில்லை. துணியில் ஒரு இழைகூட அறுபடவில்லை. நான் சாணை பிடித்த லட்சணம் அப்படி. பதினொன்று ஐம்பதுக்குக் கவிதா எங்கள் அக்கா வீட்டு வாசற்படி ஏறினாள்.

முப்பது வருடம் ஆகிறது. எங்கள் சொந்தத்தில் ஊறுகாய் ஜாடி மூடி திறக்காவிட்டால், "மாமங்கத்தியாட்டம் புடிச்சுக்கிச்சு" என்பார்கள். கத்தியைப் பார்த்தே இராத பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். செந்தில் வீட்டு முன்னறையில், மணமேடைப் படம் இருக்க வேண்டிய இடத்தில், மாலையும் கழுத்துமாக இருவரும் வைஸின் முன் குனிந்து நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. அதைப் பெரிதாக்கி, தேக்குச் சட்டம் போட்டு, ரசீதைக் கவிதா எனக்கு அனுப்பி வைத்தாள். எண்ணெயில் போன பட்டுக்குப் பதில் பட்டு, பட்டறைக் கூலி, நாதஸ்வரக்காரர் கூடுதலாகக் கேட்டது, அந்தச் சட்டம் எல்லாம் சேர்த்து நான் கொடுத்தது ஐயாயிரத்து எண்ணூற்று எழுபத்தொரு ரூபாய் ஐம்பது காசு.