மூச்சு வாங்கினதுக்குப் பெயர் பொறுமை இல்லை, சித்தி

இஞ்சியோன்
நவம்பர் 23

மதிப்பிற்குரிய சித்திக்கு, உங்கள் அக்கா மகன் ஜேவுக் தலை தாழ்த்தி எழுதுவது. குளிர் இறங்கிவிட்டது, உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பது என் கடமை, கேட்டுவிட்டேன். சித்தப்பாவுக்கு என் வணக்கம். நீங்கள் கொடுத்தனுப்பிய கிம்ச்சி வந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல்.

இனி விஷயம். வரும் சனிக்கிழமை உங்கள் நல மையத்தில் நீங்கள் நடத்தும் "காது கொடுத்துக் கேட்பது எப்படி" மறுபயிற்சிக்கு நான் வரமாட்டேன். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் மாதக் கடைசியில் லிஃப்ட் கம்பெனியில் என்னை அவசர மீட்புக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, லிஃப்ட் லிஃப்டாகச் சோதனை ஸ்டிக்கர் ஒட்ட அனுப்பிவிடுவார்கள். நான்கு வருஷமாக நான் ஆசைப்பட்டுச் செய்கிற வேலை அது. போனால் போகட்டும். லிஃப்டில் மாட்டிக்கொண்டு அழுத ஒருவரிடம், "காத்து தீராது, உக்காருங்க, போனை வைங்க, நான் வண்டி ஓட்டணும்" என்று சொன்னேன். அதற்குப் புகார், புகாருக்குத் தண்டனை உங்கள் வகுப்பு. நான் சொன்னதில் எது பொய்?

வகுப்பிலாவது நியாயம் இருந்ததா? பள்ளி வேன் ஓட்டும் நோ என்கிற அம்மாவை என் எதிரே உட்கார வைத்தீர்கள். பத்து நிமிஷம் அவர் பேசுவார், நான் கேட்க மட்டும் வேண்டும், தீர்வு சொல்லக்கூடாது என்றீர்கள். மாமியார் ஒரு நாளைக்கு ஆறு முறை போன் செய்கிறார் என்று அவர் ஆரம்பித்தார். நாற்பதாவது விநாடியில் அவர் போனை வாங்கி அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் மணி அடிக்காதபடி செய்துகொடுத்தேன். "தம்பி, நீ நல்லா இருக்கணும்!" என்று அவர் வாயாரச் சொன்னார். நீங்கள் தேர்ச்சி இல்லை என்று எழுதினீர்கள். ஆடிக்கொண்டிருந்த ப்ரொஜெக்டர் ஒயரை முறுக்கிவைத்ததற்குத் தனியாக ஒரு வரி வேறு: "கை சும்மா இருப்பதில்லை." சும்மா இருக்கும் கைக்கு எவன் சித்தி சம்பளம் கொடுக்கிறான்?

இப்போது அந்தப் பாராட்டுக் கடிதம். அடுக்குமாடி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை யாரோ படம் எடுத்து அனுப்ப, நீங்கள் உடனே கூப்பிட்டு, "பாத்தியாடா, என் பாடம் உனக்குள்ள இறங்கியிருக்கு!" என்று குதித்தீர்கள். எதுவும் இறங்கவில்லை. நான்தான் ஏறினேன், பத்தொன்பது மாடி. செவ்வாய்க்கிழமை மாலை அந்தக் கட்டடத்தின் ஒரே லிஃப்ட் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்யும் இயந்திர அறை மொட்டை மாடியில். தோளில் பதினான்கு கிலோ கருவிப்பை. புகாருக்குப் பிறகு போனை வைக்கவே கூடாது என்று உத்தரவு, அதனால் உள்ளே இருப்பவர்களின் பேச்சு முழுக்க என் காதில். உள்ளே இருந்தவர்கள் 1203-ஆம் வீட்டு அம்மாவும் 1303-ஆம் வீட்டு ஐயாவும். கீழ்வீடு, மேல்வீடு. சத்தச் சண்டையில் பதினான்கு மாதமாக முகம் பார்க்காதவர்கள்.

"தம்பி, என்னை மட்டும் முதல்ல வெளிய எடு. இந்த ஆளோட ஒரே பெட்டில நான் நிக்க மாட்டேன்!"

"நான் மட்டும் ஆசைப்பட்டா நிக்கிறேன்? என் கதவுல சீட்டு சீட்டா ஒட்டினது யாரு?"

"தினம் ஆறு மணிக்கு உரல்ல பூண்டு இடிச்சது யாரு? என் மண்டையிலயே இடிக்கிற மாதிரி! கேக்குறியா தம்பி?"

வாயை மூடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏழாவது மாடி, மூச்சு இல்லை. "ம்" என்றேன். பதினோராவது மாடியில் திரும்ப முயன்றேன். "இடிச்சது..." என்பதோடு நின்றுவிட்டது.

"ஆமா தம்பி, இடிச்சதுதான்! சரி, இப்ப ரெண்டு மாசமா ஏன்யா இடிக்கல?"

மேல்வீட்டு ஐயா சொன்னார், "உங்க சீட்டைப் பாத்துத்தான் நிறுத்தினேன். அரைச்ச பூண்டு கடையில வாங்குறோம். குழம்பு வாயில வைக்க முடியல."

பதினேழாவது மாடியில் நான் இரைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மா சொன்னார். "எங்க வீட்டுக்காரர் குடைக்காம்பால கூரையைத் தட்டுவார். அவர் தட்டத் தட்ட நீங்க இன்னும் வேகமா இடிப்பீங்க. 'பாருடி, அந்தக் கிழவன் சளைக்கிறானான்னு' சொல்லிச் சிரிப்பார். வசந்தத்துல போய்ச் சேந்துட்டார். அப்புறம் தட்ட ஆளில்ல, நான் சீட்டு எழுதினேன். இப்ப இடியும் நின்னுபோச்சு. ஆறு மணியானா வீடு என்னமோ பண்ணுது."

"எனக்குத் தெரியாதேம்மா."

"நீங்க எப்பக் கேட்டீங்க?"

"ம்" என்றேன். பிறகு மேலே போய் பட்டனை அழுத்தினேன், லிஃப்ட் ஒன்பதில் வந்து நின்றது, இருவரும் மீதி மாடிகளைச் சேர்ந்தே படியேறிப் போனார்கள். மறுநாள் பலகையில், "இவ்வளவு பொறுமையாகக் கேட்கும் பிள்ளையை நாங்கள் பார்த்ததில்லை." பொறுமையாவது! நுரையீரலில் காற்று இருந்திருந்தால் அவர்கள் இன்னொரு புகார்தான் எழுதியிருப்பார்கள். ஆகவே உங்கள் வகுப்பில் என்னை உதாரணமாகக் காட்ட வேண்டாம். அப்படியே காட்டுவதானால் எல்லோர் தோளிலும் பதினான்கு கிலோ ஏற்றிப் படியேற விடுங்கள், வகுப்பே தேவைப்படாது.

வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொண்டு போங்கள். நீங்களும் சித்தப்பாவும் இந்தக் குளிர்காலத்தை நோய்நொடி இல்லாமல் கடக்க வேண்டும் என்று மனதார வேண்டும்,

பணிவுள்ள (ஆனால் வரப்போகாத)
ஜேவுக்

பின்குறிப்பு: பதினேழாவது மாடி என்று எழுதியது பொய். குடைக்காம்புக் கதையை அந்த அம்மா ஆரம்பித்தபோது நான் இயந்திர அறைக்கு வந்து, மூச்சும் சமமாகி, பட்டனில் விரல் வைத்து நின்றுகொண்டிருந்தேன். அழுத்த ஒரு விநாடி போதும். பதினோரு நிமிஷம் அழுத்தவில்லை. உள்ளே விளக்கு, காற்று எல்லாம் சரியாக இருந்தன, பார்த்துக்கொண்டேன். ஆனாலும் விதிப்படி தப்பு, கம்பெனியில் சொல்லிவிடாதீர்கள். அவங்க பேசி முடிச்சதும் நான் ஏதாவது சொல்லுவேன்னு ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருந்தாங்க சித்தி. எனக்கு ஒண்ணும் வரல, அதனாலதான் பட்டனை அழுத்தினேன். அந்த இடத்துல என்ன சொல்லணும்? சனிக்கிழமை ஒன்பது மணிக்குத்தானே?