படுத்துக்கொண்டே ஆபீஸ் போன கதை

ஓர் இடத்தில் சும்மா இருக்க எனக்கு வராது. பஸ்ஸுக்கு நின்றால் நாலடி முன்னால் போய் எட்டிப் பார்ப்பேன், பத்தடி பின்னால் வருவேன். அதற்குள் பஸ் நான் இல்லாத பக்கமாக நின்றுவிட்டுப் போயிருக்கும். இப்படித்தான் ஐம்பதுகளில், செங்கல்பட்டில் ஒரு அரசு அலுவலகத்தில் தற்காலிக குமாஸ்தாவாக இருந்தபோது, வாரத்துக்கு மூன்று நாள் லேட். சைக்கிளும் ஏற வராது. (ஏறியிருக்கிறேன். இறங்கியதைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

ஹெட்கிளார்க் ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "திங்கட்கிழமை பெரிய அதிகாரி வர்றார். பத்தரைக்கு நீ சீட்ல இல்லேன்னா நிரந்தரம் கிடையாது. வீட்டோட இருந்துக்கோ."

வீடு திருக்கழுக்குன்றம் சாலையில் நாலு மைல். என் மனைவியின் அண்ணன் ஏகாம்பரம் சைக்கிள் கடை வைத்திருந்தான். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்து, பழைய சைக்கிள்களை அறுத்து ஒட்டி ஒரு வண்டி செய்தான். மூன்று சக்கரம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நீளமாக ஒரு பலகை. அதில் மல்லாந்து சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும்.

"மாப்ள, இதுலேர்ந்து வுழணும்னா தரைய தோண்டிக்கினுதான் வுழணும்" என்றான்.

திங்கட்கிழமை காலை புது வண்டிக்குப் பூஜை போட்டோம். என் மனைவி கமலா முன்பக்கம் ஒரு சாமந்தி மாலை கட்டினாள். மீந்த இன்னொன்றை என் கழுத்தில் போட்டாள். நெற்றி நிறையத் திருநீறும் சந்தனமும். காலைத் தூக்கி மிதித்தால் வேட்டி எங்கே போகும் என்று அவளுக்குக் கவலை. மார்பிலிருந்து கணுக்கால் வரை வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி, பறக்காமல் செருகிவிட்டாள். மிதியில் கால் வழுக்கியதால் ஏகாம்பரம் இரண்டு கால் கட்டைவிரல்களையும் துணிக்கீற்றால் மிதியோடு கட்டினான். என் கோலம் எப்படி இருந்தது என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஆபீஸை நினைத்து நினைத்து இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நாலு மைல் மிதித்துக் கடைத்தெரு முனை வந்தபோது மணி ஒன்பதரைதான். வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி இரண்டு நிமிஷம் கண்ணை மூடினேன். சாய்ந்த உடம்பு, ஏரிக் காற்று. என் வாழ்நாளில் நான் அசையாமல் கிடந்தது அந்த அரைமணி நேரம்தான்.

பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவர் எதிரே டீக்கடை வைத்திருந்த காதர் பாய்.

"யாருபா இது, நடு ரோட்டுல வுட்டுட்டுப் போய்ட்டானுங்க?" என்று ஒருவர் கேட்டாராம்.

"மூக்குல கை வெச்சுப் பாருபா."

"மாலை போட்டாச்சு, கால் கட்டியாச்சு, இன்னும் இன்னாத்த பாக்கறது?"

யாரோ முகத்தை அடையாளம் கண்டு, "ஆபீஸ் குமாஸ்தாபா இவுரு, டெய்லி ஓடிக்கினே இருப்பாரு" என்றிருக்கிறார். வீடு தெரியாததால் ஆபீஸிலேயே ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. பாய் கடையை மூடினார். "அநாதையா அனுப்பக்கூடாது, ஆளுக்கு நாலடி வாங்க" என்று அவரே முன்னின்று தள்ளினாராம். நாலடி நடக்க வந்தவர்கள் ஆபீஸ் வாசல்வரை வந்துவிட்டார்கள். நாற்பது பேர் இருக்கும்.

அதிகாரிக்காக வாசலில் காத்திருந்த ஹெட்கிளார்க் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் நெற்றியைத் தொட்டுக் கதறினார். "பாவி நான்! லேட்டு லேட்டுன்னு விரட்டியே கொன்னுட்டேனே! நீ உயிரோட இருந்தா இன்னிக்கே நிரந்தரம்னு எழுதியிருப்பேனே!"

அந்தச் சத்தத்தில்தான் விழித்தேன். பதறி எழுந்து உட்கார்ந்து, "சார், பத்தரை ஆயிடுச்சா?" என்றேன்.

நாற்பது பேரும் திசைக்கொருவராக ஓடினார்கள். பாய் மட்டும் வண்டியைப் பிடித்தபடி நின்றார், கால் வரவில்லையாம். ஹெட்கிளார்க்குக்கு மூச்சு திரும்பியதும் கையை உதறினார். "நான் சாகலையே சார், தீட்டு ஏது?" என்றேன். "செத்தவன்னு நெனச்சுத் தொட்டாச்சுடா!" என்று குளிக்க வீட்டுக்கு ஓடினார்.

சரியாகப் பத்தரைக்கு அதிகாரி வந்தார். கழுத்தில் மாலையோடு நான் சீட்டில் இருந்தேன். ஹெட்கிளார்க் இல்லை. அன்று லேட் என்று சிவப்பு மை விழுந்தது அவர் பெயருக்கு எதிரே. ஆனாலும் மனிதர் வாக்குத் தவறவில்லை, எனக்கு நிரந்தரம் எழுதினார். (நாற்பது சாட்சி இருக்கும்போது வேறென்ன செய்வார்?)

வண்டியைக் கமலா அன்றே ஏகாம்பரம் கடையில் தள்ளிவிட்டாள். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெயர்கூடத் தெரியாத ஒருவனுக்காகக் கடையை மூடிவிட்டு வந்திருக்கிறார்களே!

காதர் பாய் எங்களுக்குச் சொந்தக்காரர்போல ஆகிவிட்டார். எந்த விசேஷத்துக்கு அழைத்தாலும் கமலாவிடம் ஒரே பேச்சுதான். "கல்யாணம், காதுகுத்து எதுன்னாலும் வர்றேம்மா. உன் வூட்டுக்காரரு சாவுக்கு மட்டும் ஒருதபா வந்தாச்சு. மறுதபா கூப்புடாத."

எங்கள் வீட்டில் பேரன்கள்வரை இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பாயும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், எனக்கு முன்னால் போய்விட்டார்.