சித்ரலேகாவின் ரேடியோவும் நாங்குநேரிச் சம்பந்தமும்

உ
சிவமயம்

திருநெல்வேலி டவுண்,
ஆனி மாதம், 1998

அன்பும் மரியாதைக்கும் உரிய அத்தான் குமரகுருபரன் அவர்களுக்கு, மைத்துனன் குற்றாலலிங்கம் வணங்கி எழுதிக்கொள்வது. நெல்லையப்பர் புண்ணியத்தில் நானும் மகள் சித்ரலேகாவும் சுகமாக இருக்கிறோம். சாரல் தொடங்கிவிட்டது, ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. நாக்பூர் வெயில் தணிந்ததா, அக்காள் முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவுகிறாளா என்று விவரமாக எழுதவும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பெண் பார்க்கப் போன நாங்குநேரிக்காரர்கள் வாயே திறக்க மாட்டேன் என்கிறார்கள், அங்கே என்னதான் நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், ஆனால் ரேடியோவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவள் அம்மா போன பிறகு இந்தப் பெண் வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டாள் என்று அக்காளிடம் சொல்லி வருத்தப்பட்டேன் அல்லவா, அந்தப் பேச்செல்லாம் மொட்டைமாடிக்குப் போயிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் ஈயப்பற்று வைத்து, கம்பி சுற்றி, தன் கையாலேயே ஒரு கருவி செய்து, சர்க்காரிடம் பரீட்சை எழுதி லைசென்சும் வாங்கி, முகம் தெரியாதவர்களோடு பேசுகிறாள். ஹாம் ரேடியோ என்கிறார்கள். அண்டை வீட்டார் கிறுக்கு என்கிறார்கள். நான் இரண்டும் சொல்வதில்லை, மாடியெல்லாம் ஏரியல் கம்பி, துணி காயப்போட இடமில்லை என்று மட்டும் சொல்வேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் தெரு முப்பிடாதி அம்மன் கோயிலில் வழக்கம்போல் நானும் அப்பாத்துரை அண்ணாச்சியும் பதிகம் பாடிக்கொண்டிருந்தோம். ஒரு காலத்தில் மண்டபம் கொள்ளாத கூட்டம் பாடும், இப்போது நாங்கள் இருவர்தான், அதிலும் அண்ணாச்சிக்குக் காது மந்தம். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து ஒரு பெண்குரல், "யாராவது இருக்கீங்களா? நான் பேசுதது கேக்குதா?" என்று தெரு முழுக்கக் கேட்டது. எனக்கு அது யார் குரல் என்று தெரிந்துவிட்டது. அண்ணாச்சி கண்ணில் நீர் முட்ட இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "இருக்கோம் தாயே, கேக்குது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னவே லிங்கம், அம்மன் கேக்கா, நீரு பேசாம இருக்கீரு?" என்றார். இவள் கருவியின் அலை கோயில் ஆம்ப்ளிஃபயரில் புகுந்துவிட்டதாம். மறுநாளே அவள் போய் ஏதோ வயரைச் சுற்றிச் சரிசெய்து கொடுத்துவிட்டாள். ஆனால் அண்ணாச்சியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்றுவரை மனது வரவில்லை. சொன்னாலும் அவருக்குக் காது கேட்காது என்பது ஒரு சௌகரியம்.

இது நாங்குநேரி வரை போயிருக்கிறது போலும். ஞாயிற்றுக்கிழமை காலை பையன் குமரவேலும் அவன் அம்மா பாலம்மாளும் வந்தார்கள். பையன் லட்சணம், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. காபி குடித்ததும் ரேடியோவைப் பார்க்கலாமா என்று அவனே கேட்டான். எனக்கு மகா சந்தோஷம், எல்லோருமாக மாடி அறைக்குப் போனோம். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இன்னுமா இருக்கு? அதான் இண்டர்நெட் வந்துட்டுல்லா. இந்த மாதிரி ஆளுகளே இப்பம் கிடையாதுன்னுல்லா நெனச்சேன்" என்றான்.

"உங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் கிறுக்கு பிடிச்சவங்க யாரும் இல்லியா?" என்று கேட்டாள் சித்ரலேகா.

"கிறுக்கு எதுக்குங்க? சாயங்காலம் ஆனா அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிருவோம். அது வேலைதானே?"

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் பத்திரப் பதிவு ஆபீஸில் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அவள் முகத்தில் விளக்கு அணைந்ததை நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து பாலம்மாள், "ஏம்மா, சாமி கும்பிடுவியா?" என்று கேட்டார்கள். கும்பிடுவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தான். இவள் பரீட்சைக் கேள்வி மாதிரி யோசித்தாள்.

"தெரியல அத்தை. அப்பாகூட கோயிலுக்குப் போவேன். உள்ள நின்னா நான் பேசுதது யாருக்கும் போய்ச் சேருத மாதிரி தோணல. அதான் வாசல்ல நின்னு அப்பா செருப்பைப் பாத்துக்கிடுவேன்."

"கண்ணுல பாக்காத ஆளுககிட்ட எல்லாம் பேசுதியாமே. சாமிகிட்ட பேச வராதாக்கும்?"

"இதுலயும் பாதி நாளு பதில் வராது, அத்தை. வராட்டா என் கருவியில எங்க கோளாறுன்னு தேடுவேன். கோயில்ல எங்கன தேடணும்னு தெரியல."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள். ஆனால் பாலம்மாள் எழுந்துவிட்டார்கள். இவனுக்கு வெளிநாட்டு வேலை கிடைக்கக் கார்த்திகை தவறாமல் விரதம் இருக்கிறேன், இப்படி ஒரு பெண்ணா என்று படியிறங்கும்போது முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நடந்தது இவ்வளவுதான்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு, இன்றைக்கு அந்தக் கம்பியை அறுத்தே தீருவது என்று கறுவிக்கொண்டு மாடி ஏறினேன். அவள் கருவிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். "அவரு சொன்னது சரிதாம்பா, எங்க ஆளுக முடிஞ்சுதான் போயிட்டாங்க" என்றாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை, திருவனந்தபுரம், கொழும்பு என்று ஒரே இரைச்சலாக இருக்குமாம். இப்போது ஒவ்வொருவராகக் கருவியை விற்றுவிட்டார்கள். "கம்ப்யூட்டருக்குப் போனா போகட்டும்பா, அதையும் கழட்டிப் பாத்துக் கிறுக்கா இருந்தா எனக்கு சந்தோஷம்தான். விசாவுக்காகப் படிக்காங்க, கிடைச்சதும் மூடி வச்சுருதாங்க. கூட்டம் கூடிட்டேதான் போகுது, ஆனா எங்க ஆளுன்னு ஒருத்தரையும் காணல."

கம்பியை அறுக்க எனக்குக் கை வரவில்லை, அத்தான். பிரதோஷத்தன்று நெல்லையப்பர் கோயிலில் உள்ளே நுழைய முடியவில்லை, அவ்வளவு கூட்டம். வேலை வேண்டும், வரன் வேண்டும், வீடு விற்க வேண்டும் என்று வருகிறார்கள். கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, நானும் இவள் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒன்றும் வேண்டாமல், சும்மா பாட வேண்டும் என்பதற்காக வெள்ளிக்கிழமை வந்து உட்கார அண்ணாச்சியை விட்டால் ஆளில்லை. அவரும் போய்விட்டால் நான் ஒருவனாகத்தான் பாட வேண்டும். இதை அவளிடம் சொன்னேன். அவள் அம்மா போன பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். எனக்கு அம்மன் பதில் சொல்லாத நாட்களில் கோளாறு எந்தப் பக்கம் என்று நான் ஒருநாளும் தேடியதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பிறகு அவள் கருவியைத் திறந்து கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம், "கேக்குது, சொல்லுங்க" என்று ஒரு குரல் வந்தது. ராஜ் என்று ஒரு பையன், கூடங்குளத்துப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராம். எல்லோரும் விட்டுப்போன பிறகும் ஞாயிறு தவறாமல் வருகிறவன் அவன் ஒருவன்தானாம். என்னையும் பேசச் சொன்னாள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, வழக்கதோஷத்தில் பதிகத்தை எடுத்துவிட்டேன். "பாட்டு கூடாதுப்பா, சட்டம் இருக்கு" என்று பட்டென்று ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். அந்தப் பக்கம் ராஜ் சிரித்து, "ஐயா குரலு நல்லா இருக்கு. இன்னொரு நாளைக்கு நேர்லயே வந்து கேக்கேன். கோயிலுக்கு மணி அடிச்சுட்டு, வாறேன்" என்றான். ஒரு ஞாயிறு விடாமல் கோயிலுக்குப் போவானாம். இந்தக் காலத்தில் இந்த வயதில் இப்படி ஒரு பக்தி, அதே கையில் ஈயப்பற்று. நான் அசந்துபோனேன்.

ஆகையால் அத்தான், நாங்குநேரியை மறந்துவிடுங்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. இனிப் பார்க்கும் வரன் சம்பளத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கட்டும். ஏதாவது ஒன்றில் கிறுக்குப் பிடித்தவனாக, அந்த ராஜ் மாதிரி ஒரு பையனாகப் பாருங்கள். சாமி உண்டா என்று இவள் கேட்டால் கோபித்துக்கொண்டு எழுந்து போகாதவனாக இருந்தால் போதும்.

அக்காளுக்கு என் நமஸ்காரம். பேரன் பேத்திகள் எல்லோருக்கும் காந்திமதி அம்மன் துணையிருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
குற்றாலலிங்கம்

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் சித்ரலேகா வாங்கிப் படித்தாள். "அவரு மாதிரி எதுக்குப்பா தேடணும்? அவரே கேட்டிருக்காரு, நான்தான் உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு இருந்தேன்" என்றாள். முழுப்பெயர் கிருபைராஜாம். அவர் போகும் கோயிலில் சிலுவை இருக்கிறதாம். நமக்கு இது எப்படிச் சரிப்படும், அவர் சாமியை மட்டும் நீ கும்பிட்டுவிடுவாயா என்று கேட்டேன். "அவருகிட்டயும் தெரியலன்னுதான் சொல்லியிருக்கேன். சரி, வாசல்ல நில்லுன்னு சொல்லிட்டாரு" என்கிறாள். மேலே எழுதியதை அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தால் எந்த வரியை அடிப்பது என்று தெரியவில்லை. வரன் தேட வேண்டாம், அக்காளைக் கூட்டிக்கொண்டு உடனே புறப்பட்டு வாருங்கள். தம்பி கோபமாக இருக்கிறானா என்று அக்காள் கேட்பாள். காலையிலிருந்து முயன்றுகொண்டிருக்கிறேன் என்று சொல்லவும்.